செவ்வாயின் மேல்வளி நமக்கு எதிரியா?

செவ்வாயின் நிலத்தடியில் நீரைத் தேட 2003இல் ஏவப்பட்டது ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம். அதிலுள்ள மார்சிஸ் ரேடார், 40 மீட்டர் ஆன்டெனாவால் வானொலி அலைகளைக் கீழே அனுப்பி, எதிரொலியைக் கேட்கும். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். ஆனால் நடுவே அயனி மண்டலம் நிற்கிறதே! பகலில் சூரிய ஒளி அங்கே எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. குறைந்த அதிர்வெண் அலைகள் அவற்றில் பட்டு மேலேயே திரும்பிவிடும்; ஊடுருவிச் செல்பவையும் தாமதமாகி உருக்குலையும். ஆகவே ஆழம் பார்க்க இரவுப் பக்கமே ஏற்றது.

இதனால் அம்மண்டலத்தை வெறும் இடையூறு என்பது எனக்கு உடன்பாடில்லை. திரும்பி வந்த அலையைக் கொண்டே, எவ்வுயரத்தில் எவ்வளவு எலெக்ட்ரான் என்று மார்சிஸ் கணக்கிட்டது. அந்தக் கணக்கின்றி நிலத்தடி எதிரொலியைத் திருத்துவது எங்ஙனம்?

2017 செப்டம்பரில் சூரியப் புயல் ஒன்று செவ்வாயைத் தாக்கியது. சுமார் 10 நாட்கள், இரவிலுங்கூட, தரையின் எதிரொலியே இல்லை! ரேடார் பழுது என்று நினைக்கலாம். உண்மையில் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் புதிதாக உண்டான எலெக்ட்ரான் அடுக்கு அலைகளை விழுங்கிவிட்டது. ரேடார் ஊமையானதால்தான் அந்த அடுக்கு தெரிய வந்தது. நாளை மனிதர் அங்கே இறங்கி, இதே அலைகளில் ஒருவரையொருவர் அழைக்க நேர்ந்தால், முதலில் கேட்கப்போவது இந்தச் செய்தியைத்தான்.