நெடுந்தீவுக்கு என்ன உடுப்பு?

நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டால் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டிட்டுப் போங்கோ என்பதுதான் எங்கட கருத்து. குறிகட்டுவானில் இருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். உப்புத்தண்ணி தெறிச்சால் ஜீன்ஸ் லேசில காயாது. மெல்லிய பருத்திச் சட்டை, தொப்பி, துவாய், ஒரு மாற்றுடுப்பு காணும். பெருக்குமரமும் குதிரைகள் மேயிற வெளியும் பார்க்க வெயிலுக்குள்ளதான் நடக்கவேணும். அங்க நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. ஊத்தை உடுப்பை வீட்ட கொண்டுவந்து தோய்ப்பம்.

இன்னொண்டு. பெடியன்கள் அரைக்காற்சட்டையோட படகேறினால் ஒருத்தரும் கேக்கிறதில்லை. பெட்டையளுக்கு மட்டும் ஏன் அறிவுரை? ஊர்ச்சனத்துக்குக் குடுக்கிற மரியாதை எண்டால் அது எல்லாருக்கும் பொது. முழங்காலை மூடச்சொன்னால் எல்லாரையும் சொல்லுங்கோ; இல்லாட்டி எல்லாரையும் விடுங்கோ.