ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாள் என்றால்



மாத்தளை நகரிலே வேலைக்கென்று வந்து தங்கியிருக்கும் வன்னிப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். தையல் வேலை, கடை வேலை, வீட்டு வேலை என்று ஆளுக்கொரு பாடு. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலே விட்டு வந்த காணி என்று கதைத்து முடிந்த பிறகு, எங்களில் கத்தோலிக்கர்கள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான். “ஊரிலே கோவில் மணி கேட்டால் எழும்பிப் பூசைக்குப் போவம் அக்கா. இஞ்ச ஞாயிறும் வேலை. கடவுளை மறந்து போனம் போல கிடக்கு.”

இந்தக் கடைசி வசனத்தைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அதைச் சொல்பவள் விடிய நாலரைக்கு எழும்பிச் சோறு கட்டி, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போகிறவள். மறந்தவளுக்கு இந்தக் கவலை எங்கிருந்து வரும்?

திருச்சபையின் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எங்களில் பலருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, சனிக்கிழமை மாலையில் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீர்ந்துவிடும். பாரதூரமான காரணத்தால் பூசைக்குப் போக முடியாதவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ சிறிது நேரம் செபத்தில் செலவிடும்படி அதே சட்டம் கேட்டுக்கொள்கிறது. நோயும் கைக்குழந்தையைப் பார்ப்பதும் நியாயமான காரணங்கள் என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. விட முடியாத வேலையும் அப்படியா என்று சந்தேகம் இருந்தால் பங்குச் சுவாமியிடம் நேரே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இலங்கை முழுவதற்குமே ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்த ஒரு காலமும் உண்டு. வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1966இல் அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாளையும் அதற்கு முதல் நாளையும் வார விடுமுறையாக்கியது. 1971இல்தான் ஞாயிறு திரும்பி வந்தது. அந்த ஐந்து வருஷமும் கிறிஸ்தவர்கள் வேலைக்கு முன்னரோ பின்னரோதான் கோவிலுக்குப் போனார்கள். அதனால் இந்த நாட்டில் விசுவாசம் அழிந்து போகவில்லை.

இன்னும் பின்னால் போனால், பூசையே இல்லாத காலம் வருகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடங் கொடுத்தால் மரண தண்டனை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை ஏறத்தாழ முப்பது வருஷம். அவர் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். முப்பது வருஷம் குருவைக் காணாதவர்களுக்குச் செபமாலையைக் கண்டதும் முகம் மாறியதென்றால், அந்தச் செபத்தை வீட்டுக்குள்ளே யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? சரித்திரப் புத்தகங்களில் அவர்களுக்குப் பெயர் இல்லை. தாய்மாரும் பாட்டிமாரும்தான் என்பது என் எண்ணம்.

அடிகளார் 1692இல் கண்டி இராச்சியத்துக்கு வந்தபோது ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். பிறகு விடுதலையாகி, காடும் மலையும் நடந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். அவருடைய வேலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. தான் எல்லா இடத்திலும் இருக்க முடியாதென்று தெரிந்து, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். செபம் சொல்வதும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், நோயாளியைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. (அண்ணாவியார் என்றால் எங்களுக்குக் கூத்துத்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு கதை உண்டு.) 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலையே மடுவுக்கும் வந்தார்.

எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே, கலேவெலப் பக்கம், வஹகோட்டே என்றொரு கிராமம் இருக்கிறது. போர்த்துக்கேயப் படைவீரரைக் கண்டி அரசன் அங்கே குடியேற்றினான் என்று சொல்வார்கள். அவர்களுடைய சந்ததியார் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். சுற்றிவரப் பௌத்த ஊர்கள். 1740களில் கண்டி அரசன் குருமாரை வெளியேற்றிய பிறகும் அங்கே விசுவாசம் நிலைத்தது. இன்றைக்கு அந்தோனியார் கோவிலுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வருகிறது. மாத்தளையில் இருக்கும் சகோதரிகள் ஒரு லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

என் வீட்டு வழக்கத்தையும் சொல்கிறேன். முழுச் செபமாலைக்கு நேரமில்லாத நாளில் பத்து மணி மட்டும். அதுவும் சோறு வேகிற நேரத்தில். சின்னவன் தொடங்குவான், நான் அடுப்படியிலிருந்து பதில் சொல்வேன். எனக்கு வசதியான நேரத்தில் கிடைப்பது சிங்களப் பூசைதான். ஆகவே அன்றைய வாசகத்தை முதல் நாள் இரவே தமிழில் வாசித்துவிடுவோம். ஒருநாள் தூங்கி விழுந்தால் விழுந்ததுதான், அதற்காக அடுத்த நாள் இரண்டு மடங்கு செபம் என்று பிள்ளையை நெருக்குவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் கணவர் 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் காணாமற் போனவர். நவம்பர் மாதம் கோவிலில் மரித்த விசுவாசிகளின் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அவ தாயின் பெயரை எழுதுவா, தகப்பனின் பெயரை எழுதுவா, கணவரின் பெயரை எழுதமாட்டா. “எழுதினால் நானே முடிச்சு வைத்தது போல ஆகிவிடும்” என்பா. எழுதாமல் விட்டால் அவருக்கென்று ஒரு செபமும் இல்லாமல் போய்விடுமே என்ற பயமும் அவவுக்கு இருந்தது. இதற்கு அவவே ஒரு வழி கண்டுபிடித்தா. இரவு எட்டரைக்கு வேலையால் வந்து கால் கழுவி, மகளோடு ஒரு திரி கொளுத்தி, உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டிலே அவருடைய பெயரைச் சொல்கிறா. மகளின் பெயருக்குப் பிறகு, பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் சிங்கள அம்மாவின் பெயருக்கு முன்னால்.