உதவிப் பணம் சரி. கணக்குப் பார்ப்பது யார்?

வெளிநாட்டு உதவியுடன் நடைபெறும் சுகாதாரத் திட்டங்களைப் பற்றிய விவாதங்களில், எத்தனை கோடி வந்தது, எத்தனை கோடி செலவாயிற்று என்பதே பெரும்பாலும் பேசப்படுகிறது. அப்பணத்தால் எத்தனை குழந்தைகள் உண்மையில் பயனடைந்தன என்று கேட்டால், கணக்கெடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது.

2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'காவி' என்னும் சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணி, ஏழை நாடுகளுக்கு ஊக்கத் தொகை ஒன்றை அறிவித்தது. முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணைகளையும் பெறும் ஒவ்வொரு கூடுதல் குழந்தைக்கும் 20 டாலர் என்பது ஏற்பாடு. கணக்குக் கொடுப்பது அந்தந்த நாட்டு அரசு. பணம் பெறுவதும் அதே அரசு. விளைவு என்ன?

2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. அரசுகளின் கணக்குப்படி, 2006 வரை கூடுதலாக ஊசி பெற்ற குழந்தைகள் 1 கோடியே 39 லட்சம். வீடு வீடாகச் சென்று நடத்திய மாதிரி ஆய்வுகளின் அடிப்படையில் பார்த்தாலோ 74 லட்சமே! சுமார் 15 கோடி டாலர் தர வேண்டிய இடத்தில் 29 கோடி டாலர் போயிருந்தது.

மோசடி மட்டுமா?

இதை முழுவதும் மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே குழந்தை இரண்டு இடங்களில் பதிவாவதுண்டு. செலவான மருந்தைக் கொண்டு குழந்தைகளைக் கணக்கிடுவதுண்டு. எனினும், எண்ணிக்கை உயர்ந்தால் பணம் வரும் என்ற நிலையில், இத்தகைய பிழைகளைத் திருத்த யாருக்கு அக்கறை இருக்கும்? பணம் கொடுப்பவரின் நிலையும் இதுதான். தம் நாட்டுப் பார்லிமெண்டுக்கு வெற்றியைக் காட்டினால்தான் அடுத்த ஆண்டு நிதி கிடைக்கும். ஆகவே இருவருக்கும் வேண்டாத மூன்றாமவர் ஒருவர் அவசியமாகிறார்.

விரலில் இட்ட குறி

அத்தகைய சோதனை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. போலியோ சொட்டு மருந்து கொடுத்ததும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மையால் குறி இட்டார்கள். பின்னர் வேறு ஆட்கள் சென்று, பதிவேட்டை நம்பாமல் விரலைப் பார்த்தார்கள். 1997-ல் மத்திய அரசும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கிய கண்காணிப்புத் திட்டம், கைகால் திடீரெனத் தளர்ந்த குழந்தைகளின் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியது. மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரிலும் கிருமியைத் தேடினார்கள். சாக்கடைக்கு யாரையும் திருப்தி செய்ய வேண்டிய அவசியமில்லை! 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளியே கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. மருந்தைப் போலவே இந்தக் கண்காணிப்புக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு.

தேவனாரில் நடக்கும் பணி

இந்தக் கண்ணோட்டத்தில்தான் 2025 பிப்ரவரியில் அமெரிக்கா எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும். 'யு.எஸ்.எய்ட்' நிறுவனத்தின் நிதியால் 1984 முதல் சுமார் 90 நாடுகளில் நடந்துவந்த மக்கள் தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் நிறுத்தப்பட்டது. மருந்து நின்றால் நோயாளி கேட்பார், பத்திரிகைகள் எழுதும். கணக்கெடுப்பு நின்றால் கேட்பவர் இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் குழந்தை மரணத்தை அறிய இதைவிட நம்பகமான வழி இல்லை.

நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1992-93-ல் தொடங்கிய இதை மும்பை தேவனாரிலுள்ள சர்வதேச மக்கள் தொகை அறிவியல் நிறுவனம் நடத்திவருகிறது. 2019-21 சுற்றில் 6 லட்சத்து 36 ஆயிரம் குடும்பங்களை விசாரித்தார்கள். இதற்கான திறமை நம்மிடம் இருப்பதால் பெரும் பாதிப்பு இராது எனலாம்.

ஆனாலும் அலட்சியம் கூடாது. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிற்று. ஒரு வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் என்பதே தெரியாவிட்டால், நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்பது எப்படிச் சரியாகும்? பிழைப்புக்காக வந்து குடிசைகளில் வாழும் குடும்பங்களே, தமிழராயினும் பிறராயினும், இதில் முதலில் விடுபடுவர்.

திட்டச் செலவில் ஒரு பகுதியைக் கணக்கெடுப்புக்கென ஆரம்பத்திலேயே ஒதுக்க வேண்டும். அதைத் திட்டத்தை நடத்தாதவரிடம் ஒப்படைக்க வேண்டும். முடிவு கசப்பாக இருந்தாலும் அப்படியே வெளியிட வேண்டும். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தால், நாமும் அலுப்பின்றி உட்கார்ந்து உள்ளதைச் சொல்வோமாக.