வாய்பேசா நண்பனுக்குக் கால்மணி நேரம்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் போகாது என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அது மனிதரின் இயல்பைச் சுட்டுதற்கு எழுந்த மொழியேயன்றி நாயைப் பழிப்பதற்கு எழுந்ததன்று. ஆயினும் அதைச் சொல்லிச் சொல்லி, நாயைக் குளிப்பாட்டுவதே வீண்வேலை என்றோர் எண்ணம் நம் வீடுகளிற் புகுந்துவிட்டது. நன்றியுள்ள பிராணி நாய் எனப் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகின்றார்கள். நாலடியார் நாயின் நட்பை யானையின் நட்பினும் மேலாக வைத்துப் பேசுகின்றது. அந்த நன்றிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? மிஞ்சிய சோறு, கழுத்திலே ஒரு சங்கிலி, எப்போதாவது ஒரு வாளித் தண்ணீர். இவை போதுமா என்பதையே இவ்வாரம் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நாம் வாழும் கொலன்னாவை களனி கங்கைக்குத் தெற்கே தாழ்ந்து கிடக்கும் நிலம். மழை பெய்தால் முற்றத்தில் நீர் தேங்கும். வெயில் எறித்தால் உடல் புழுங்கும். ஈரமும் வெப்பமும் கலந்த இத்தகைய சூழல் உண்ணிக்கும் தெள்ளுக்கும் தோல் நோய்களுக்கும் மிக உகந்தது. அல்சேசன், பொமரேனியன் முதலிய குளிர்நாட்டு இனங்களோ அடர்ந்த இரட்டை உரோமப் போர்வையுடன் இங்கு வந்து சேர்ந்தவை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. ஆதலின் நிழலும் குளிர்ந்த நீரும் எந்நேரமும் அதற்கு வேண்டும். உலாவ அழைத்துச் செல்வதாயின் காலையிலும் மாலையிலும் மட்டும் செல்க. வெப்பம் தணியுமென எண்ணி உரோமத்தை மழித்துவிடுதல் தகாது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அவ்வுரோமமே.

சீப்பும் கையும்

நாயைப் பேணுவதில் தலையாய வேலை குளிப்பாட்டுவதன்று, சீவிவிடுவதே. நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கி, முதலில் உரோமம் படிந்த திசையிலும் பின்னர் எதிர்த்திசையிலும் சீப்பைச் செலுத்துக. அதன்பின் வெறுங்கையால் தலை தொடங்கி வால் வரை தடவிப் பார்க்க. செவிமடல், கழுத்துப் பட்டியின் கீழ், அக்குள், கால்விரலிடுக்கு ஆகிய இடங்களை மறவாதீர். தன் நோவைச் சொல்ல வாயில்லாத பிராணிக்கு நம் விரல்களே நாடி பார்க்கும் வைத்தியர். சிறு கட்டி, புண், மெலிந்த விலா, தொட்டால் சிலிர்க்கும் இடம் ஆகிய யாவும் கைக்கே முதலிற் புலப்படும்.

உண்ணி அகப்படின் விரலால் நசுக்கலாகாது. சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுத்தெடுத்துச் சவர்க்கார நீரில் இடுக. மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. அது தோலை வேகச் செய்யும்; நாய் நக்கினால் வயிற்றிலும் நெஞ்சிலும் கேடு விளைக்கும். இன்னொன்றும் அறிதல் வேண்டும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் தரையிடுக்கிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலிற் காயவிடாமலும், விறாந்தையின் மூலைகளைத் துப்புரவு செய்யாமலும், நாயின் உடலுக்கு மட்டும் மருந்திடுதல் அரைவேலையே. வீட்டில் பூனையும் இருந்தால் மேலும் கவனம் தேவை. நாய்க்குரிய உண்ணி மருந்துகள் சில பூனையின் உயிரையே குடிக்கும். மிருக வைத்தியரைக் கேட்டே வாங்குக.

உண்ணியால் வரும் காய்ச்சல் நம் ஊரில் நாய்களுக்குப் பெரும் பகை. உணவை வெறுத்தல், சோர்ந்து படுத்தல், மூக்கில் இரத்தம் கசிதல் என்பன அதன் குறிகள். உதட்டை உயர்த்திப் பார்க்கையில் முரசு இளஞ்சிவப்பாக இராமல் வெளிறித் தோன்றின் மறுநாள் வரை காத்திராது வைத்தியரிடம் கொண்டு செல்க. மனிதருக்குரிய பனடோல் முதலிய மாத்திரைகளை நாமே கொடுத்தல் பெருந்தீங்கு.

குளிப்பும் பிறவும்

நாள்தோறும் குளிப்பாட்டினால் தோலிலுள்ள இயற்கை எண்ணெய் அகன்று சொறி உண்டாகும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், சேற்றில் உழன்ற வேளையிலும் குளிப்பாட்டுதல் பெரும்பாலான நாய்களுக்குப் போதும். நம் சவர்க்காரம் அதன் தோலுக்கு ஒவ்வாது. நாய்க்கென்றே செய்தவற்றைப் பயன்படுத்துக. செவியில் நீர் புகாது பார்த்து, சவர்க்காரம் சிறிதும் எஞ்சாதவாறு கழுவி, விரலிடுக்கு உட்படத் துவாயால் ஒற்றி உலர்த்துக. ஈரத்தோடு விடுவதினும் குளிப்பாட்டாது விடுதல் நன்று.

செவியில் தீநாற்றம் வீசினாலும், நாய் ஓயாது தலையை உதறினாலும் உள்ளே நோயுண்டென்று அறிக. குச்சி நுழைத்துக் குடைதல் கூடாது. நடக்கையில் சீமெந்துத் தரையிலே நகம் தட்டும் ஓசை கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்பது பொருள். நகத்தினுள்ளே குருதி ஓடுதலின் நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுக. நம் பற்பசை நாய்க்கு ஆகாது. அதற்குத் துப்பத் தெரியாதன்றோ?

உணவைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு சொல். குழம்பும் சம்பலும் பிசைந்த மிச்சச் சோற்றை நாய்க்கு இடுவது நம் வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தின் செவ்வணுக்களைச் சிதைப்பவை. வேக வைத்தாலும் அந்நஞ்சு தீர்வதில்லை. சொக்கலேற், திராட்சை, உலர்ந்த திராட்சை சேர்ந்த கேக் என்பனவும் விலக்கத்தக்கவை. சமைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். நாய்க்கு ஆகும் சோற்றையும் மீனையும் மசாலை சேர்க்குமுன் புறம்பாக எடுத்து வைப்பது கடினமான செயலன்று.

பிள்ளைகளின் காவல்

இவையெல்லாம் நாயின் நலத்துக்கு மட்டும் சொன்னவையல்ல. நாயைக் கட்டி அணைத்து விளையாடுவோர் நம் பிள்ளைகள். நாயின் குடற்புழுக்களின் முட்டைகள் மண்ணிற் கலந்து பிள்ளைகளின் கைவழியே வயிற்றிற் சேரும். ஆதலின் நாய்க்குத் தவணை தவறாது பூச்சி மருந்து கொடுத்தலும், பிள்ளைகள் கைகழுவி உண்ணுதலும் ஒருங்கே நடைபெறல் வேண்டும்.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியதை யாரும் மறந்திரார். அத்தகைய நீரில் எலியின் சிறுநீர் கலத்தலால் எலிக்காய்ச்சல் மனிதரையும் நாயையும் ஒருங்கே பற்றும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டு ஏற்றுவிக்க. வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் அவிழ்க்க வேண்டியது நாயின் சங்கிலி என்பதையும் வீட்டார் அனைவரும் மனத்திற் கொள்க. கட்டப்பட்ட பிராணிக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

யாவற்றிலும் கொடியது விசர்நோய். இலங்கையில் இதனைத் தடுக்க 1893இலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. நாய்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1901இல் வந்தது. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் நம் நாட்டில் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கு ஊசி ஏற்றும் பணி பரவியதால் அத்தொகை பன்மடங்கு குறைந்துள்ளது. ஆயினும் இறப்பு முற்றாக நீங்கவில்லை. நோய்க்குறி தோன்றிய பின் இதற்கு மருந்தில்லை என்றே கொள்ளல் வேண்டும். விசர்கொண்ட நாய் எப்போதும் வெறிபிடித்து ஓடுமென எண்ணுவது பிழை. சில நாய்கள் அடங்கி ஒதுங்கும். தாடை தொங்கி எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதெனக் கருதி இரக்கத்தால் அதன் வாய்க்குள் கைவிடுவோர் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர். குட்டிக்கும் இந்நோய் வரும் என்பதையும், பிறாண்டிய சிறு கீறலையும் பொருட்படுத்த வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளை மறைக்கும் கீறலே பெரும் ஆபத்து; ஆதலின் ஏசாமல் கேட்டறிக.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாவரும் இருப்பீர்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, நாயைச் சீவி, செவியையும் விரலிடுக்கையும் பார்த்தபின், அதன் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். கடைசி ஊசி ஏற்றிய நாளிலிருந்து ஓராண்டு கடந்திருந்தால், நாளைக் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை எதுவென்று உங்களுக்குத் தெரியும்.