சர்க்கரை நோயும் இறைத்திருவுளமும்



"எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சர்க்கரை. எனக்கும் வரத்தான் போகிறது. எல்லாம் ஆண்டவர் விட்ட வழி." அன்பியக் கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். இது விசுவாசமா, விரக்தியா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கூறுகிறது. தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய் உண்டு. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. இதில் பெண்களே அதிகம்.

நேரமின்மை, வசதியின்மை எனக் காரணங்கள் பல. நம் எண்ணத்துக்கும் இதில் பங்குண்டு. வந்தே தீரும் என்று நினைப்பவர் நடப்பதில்லை. தனக்கு வராது என்று நினைப்பவரும் நடப்பதில்லை.

உண்மை என்ன? சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்யத் தொடர்ந்து வழிநடத்தப்பட்டோரில் 39 பேருக்கே வந்தது.

அந்த 39 பேரையும் மறக்க வேண்டாம். முயன்றும் நோயுற்றவர்கள் அவர்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, பழிபோடும் அக்கேள்வியை இயேசு ஏற்கவில்லை (யோவான் 9). நோயாளியைக் குறைகூற நமக்கும் உரிமை இல்லை.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம்மில் பலர் நாள்கணக்கில் பாதயாத்திரை செல்கிறோம். அன்னையைக் காண்போம் என்ற நம்பிக்கை கால்களுக்கு வலுவூட்டுகிறது. ஊர் திரும்பியதும், அடுத்த தெருவிலுள்ள ஆலயத்துக்கு வண்டி எடுக்கிறோம்!

வாரத்தில் 150 நிமிட நடை போதும், அதாவது ஐந்து நாள்கள் அரைமணி நேரம். ஏற்கெனவே நோயுள்ளோர் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். தனியே நடக்கத் தயங்கும் நம் தாய்மாருக்கு அன்பியமே துணையாகட்டும். அந்த அரைமணி நேரம் அடுப்படியை வீட்டு ஆண்கள் கவனிக்கட்டும்.

தந்த உடலைப் பேணுவதும் இறைத்திருவுளமே. இன்று மாலையே நடக்கத் தொடங்குவோம்.