பிள்ளை வளர்ப்பா? அடிமைப் பயிற்சியா?

செந்துறைப் பக்கத்து முந்திரிக் காடுகளில் கொட்டை பொறுக்கிவிட்டுப் பெற்றோர் பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை "இது ஏன்? அது எப்படி?" என்று கேட்கத் தொடங்கினால் கிடைக்கும் விடை என்ன? "சும்மா கிட", "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுப்பேன்", "சாமி கண்ணைக் குத்தும்" என்பவைதானே! அதற்கும் அடங்காவிட்டால் முதுகில் இரண்டு அறை. ஏனென்றால், "அடியாத மாடு படியாது" என்கிறார்கள். மாட்டுக்குச் சொன்னதை மனிதக் குழந்தைக்குச் சொல்ல வெட்கப்படுவார் இல்லை.

அடித்தால் பிள்ளை அடங்குகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. எதைக் கற்றுக்கொண்டு அடங்குகின்றது என்பதே நமது கேள்வி. வலுத்தவன் அடிக்கலாம், இளைத்தவன் வாய் மூட வேண்டும் என்பதைத்தானே! இப்பாடத்தை வீட்டிலேயே புகட்டிவிட்டு, நாளை அவன் முதலாளியிடமும் புரோகிதனிடமும் கைகட்டி நிற்கிறானே என்று வருந்திப் பயன் என்ன?

இது வெறும் நமது அபிப்பிராயமல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டயானா பாம்ரிண்ட் என்னும் அம்மையார், பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து 1967இல் முடிவு வெளியிட்டார். அதிகாரம் மட்டுமே செய்யும் வீட்டுப் பிள்ளைகள் நம்பிக்கையின்றி ஒதுங்கி நின்றன. கண்டிப்பே இல்லாது விட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் குறைவு. அன்பு காட்டி, எல்லை வகுத்து, அதற்குக் காரணமும் சொல்லிய வீட்டுப் பிள்ளைகளே தம்மை நம்பியும் புதியதைத் தேடியும் விளங்கின. அந்நிய நாட்டில் சில பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது வேதவாக்கல்ல. நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

ஆகவே செல்லம் கொடுத்துக் கெடுக்க நாம் சொல்லவில்லை. அடுப்பண்டை போகும் குழந்தையைத் தடுக்கத்தான் வேண்டும். "பூதம் பிடிக்கும்" என்பதற்குப் பதில் "நெருப்பு சுடும்" என்று உண்மையைச் சொல்ல என்ன செலவு?

நாளெல்லாம் உழைத்தவர்களுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1975இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகளில் சோறு மாத்திரமல்ல, பாட்டும் விளையாட்டும் உண்டு. அங்கே அனுப்புங்கள். வீட்டிலோ, "அது தாயின் வேலை" என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் தகப்பன்மார் பாதிப் பாரத்தைத் தாங்கட்டும்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் வாத்தியார் கைப்பிரம்பைப் பிடுங்கிற்று. அது நம் வீட்டு வாசற்படி ஏறாது. அங்கே பெற்றோர் புத்திதான் சட்டம்.

தன் பிள்ளையின் கேள்விக்கு மரியாதை கொடாதவனுக்குச் சுயமரியாதை பேச யோக்கியதை உண்டா என்று யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.