‘கவனக்குறைவு’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலைக்குப் பொறுப்பான பொறியாளர் அவர்களுக்கு,

தங்களுக்கு இதுவரை மூன்று மனுக்கள் வந்திருக்கின்றன. முதலாவதை ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம். அடுத்த இரண்டும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்து, ஆட்சியர் அலுவலகம் வழியாகத் தங்கள் மேசைக்கு வந்தவை. ஏழு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. என் அத்தை கவனக்குறைவாகச் சாலையைக் கடந்ததால்தான் அவர் உயிரைப் பறித்த விபத்து நடந்ததாம். சாலையில் குறை ஏதும் இல்லையாம். ஊரறிய இப்படி எழுத நேர்ந்ததைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விதிகள் தங்களுக்குத் தெரியும். அத்தை கடைசியாக நடந்த தூரத்தை மட்டும் சொல்கிறேன்.

மார்கழி மாதம், மாலை ஆறே முக்கால். டவுன் பஸ் வந்து நின்றது. அது ஒதுங்கி நிற்க விட்ட இடத்தில் சாலை வேலையில் மிஞ்சிய ஜல்லி இன்றும் குவிந்து கிடக்கிறது. அதனால் பஸ், வண்டிகள் ஓடும் பாதையிலேயே நிற்கிறது. நடுத்தடுப்பின் திறப்பு பஸ்ஸுக்கு முன்னால் இருப்பதால், இறங்குகிறவர்கள் பஸ்ஸின் மூக்கைச் சுற்றித்தான் சாலைக்குள் வர வேண்டும். பஸ்ஸை முந்தி வருகிறவருக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள். இவர்களுக்கும் அந்த வண்டி தெரியாது. அத்தை பஸ் ஓரமாக நின்று, தலையை நீட்டிப் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டுப் பிறகுதான் நடந்தார் என்று கூடவே இறங்கிய பூக்கார அம்மா சொல்கிறார். கவனமில்லாத மனுஷி செய்கிற காரியமா இது?

அடுத்து நடுத்தடுப்பு. அங்கே அரளி வைத்திருக்கிறீர்கள். எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க என்று எனக்கும் தெரியும். ஆனால் வெட்ட ஆளில்லாமல் திறப்பின் விளிம்பு வரை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அத்தை ஐந்தடிகூட இல்லை. இடப்பக்கமிருந்து வண்டி வருகிறதா என்று பார்க்கவே அவர் செடியைத் தாண்டிச் சாலையில் கால் வைத்தாக வேண்டும். தலைக்கு மேலே இருந்த உயர்கோபுர விளக்கு ஆவணியிலிருந்து எரியவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் உங்களைக் கைகாட்டினார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டால் பஞ்சாயத்தைக் கைகாட்டினார்கள்.

அத்தை போன பிறகு நான் பல மாலைகள் அந்த இடத்தில் கடிகாரத்தோடு நின்றேன். சாலையின் ஒரு பாதி மட்டுமே எட்டரை மீட்டர் அகலம். அத்தை வயதுக்காரர்கள் அதைக் கடக்கப் பத்து விநாடி ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்தப் பத்து விநாடியில் 220 மீட்டர் ஓடிவிடும். வளைவிலிருந்து திறப்பு வரை 150 மீட்டர்தான் இருக்கிறது. நாடா பிடித்து அளந்தேன். அத்தை கால் எடுத்து வைத்தபோது அவர் மீது மோதிய கார் வளைவுக்கு அப்பால் இருந்திருக்கிறது. கண்ணுக்கே வராத வண்டியை எப்படிக் கவனிப்பது, சொல்லுங்கள்? ஓட்டி வந்தவருக்கும் அந்த இருட்டில் கடைசி நொடியில்தான் ஆள் தெரிந்திருக்கிறது. அவர் மீது வழக்கு நடக்கிறது. அவர் பங்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். உங்கள் பங்கை யார் பார்ப்பது?

மோதும் வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், நடந்து செல்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கத் தடதடக்கும் வெள்ளைப் பட்டைகள்தான் நாங்கள் முதலில் கேட்டது. ஒரு நாள் வேலை.

2022-இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அத்தனை பேரும் கவனமில்லாமலா செத்தார்கள்? எத்தனை கோப்புகளை இந்த ஒரே சொல்லை எழுதி மூடியிருக்கிறீர்கள்? அறுபத்தெட்டு வருஷம் இதே மண்ணில் நடந்தவர் என் அத்தை. மாடு பிடித்துக்கொண்டும் பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் இதே சாலையைக் கடந்தவர். சாலை இரண்டு பங்கு அகலமானபோது, அதைக் கடக்க அவருக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

ஜல்லியை அள்ளுங்கள். அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். விளக்கு யாருடையது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் எரியவிடுங்கள். அத்தையின் மகள் இப்போதும் அதே ஆறே முக்கால் பஸ்ஸில்தான் வேலை முடிந்து வருகிறாள்.

அந்த நான்கு வரியையும் திருத்தி எழுதிக் கொடுங்கள். எழுதும் முன் எங்கள் முதல் மனுவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விபத்துக்கு ஐந்து மாதம் முன்னால் உங்கள் அலுவலக முத்திரை வாங்கிய மனு அது. “வளைவில் வண்டிகள் வேகமாக வருகின்றன, உயிர்ப்பலி நேரும்” என்று அதில் எழுதியிருக்கிறோம். கீழே பதினோராவது கையெழுத்து, எழுத்துக்கூட்டிக் கோணலாகப் போட்டது, என் அத்தையுடையது.